அம்மாவோடு கூடாரம் போட எந்தப் பார்க் நல்லது?

வணக்கம் உறவுகளே. ஆகஸ்ட் மாத நீண்ட வார இறுதிக்கு டொரோண்டோ ஸ்காபரோவிலிருந்து காம்பிங் போக நினைக்கிறோம். இரண்டு பிள்ளைகள், கூடவே எழுபது வயது அம்மா. அல்கொன்குயின் பார்க் இந்த முறை வேண்டாம், அவ்வளவு தூரம் அம்மாவால் காரில் இருக்க முடியாது.

டார்லிங்டன், சிபால்ட் பொயின்ட் என்ற இரண்டு பார்க்குகளில் ஒன்று என்று வந்து நிற்கிறோம். டார்லிங்டன் 401 நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் போவது சுகம். ஆனால் இரவில் வாகனச் சத்தம் கேட்குமா? சிபால்டில் சிம்கோ ஏரி, பிள்ளைகள் தண்ணீரை விட்டு வரவே மாட்டார்கள். எனக்கு மனம் அங்கேதான்.

போன வருடம் வேறொரு இடத்தில் கழிவறை வெகு தூரம். நடு இரவில் மழைச் சேற்றில் அம்மா ஒரு கையில் டோர்ச்சும் மறு கையில் என் தோளுமாக நடந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதனால் குளியலறைக்குக் கிட்ட, மேடான, மின்சார வசதியுள்ள இடம்தான் வேண்டும். எந்தப் பகுதி, எந்த எண் நல்லது என்று போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

ஐந்து மாதத்துக்கு முன்பே காலை 7 மணிக்கு முன்பதிவு திறந்துவிடும். அப்புறம் நல்ல இடம் கிடைக்காது. அதுதான் இப்போதே கேட்கிறேன்.