வேகத்துக்கு ஒரு சொல் போதாது: குறிவேகம், ஓடுவேகம், தாங்குவேகம்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நம் குழு தமிழாக்கிவரும் நினைவக (RAM) சோதனை நிரலில், வேகத்தைப் பார்க்கும் சோதனைக்கு 'வேகச் சரிபார்ப்பு' என்றே பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று போன வாரம் எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இடையில் கடையில் நடந்த ஒன்றுதான் காரணம்.

என் பழுதுபார்ப்புக் கடை தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாலக்கோட்டிலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவன் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். புதிதாக வாங்கிய நினைவகத்தில் 3200 என்று ஒட்டியிருக்கிறது, கணினி உறுப்புகளின் விவரம் காட்டும் சிபியு-இசட் நிரலைப் போட்டுப் பார்த்தால் 1333 என்று காட்டுகிறது. "அண்ணா, பாதி கூட இல்லண்ணா. ஏமாத்திட்டாங்க" என்றான். வீட்டில் தக்காளி விற்ற காசில் வாங்கியது. முகமே வாடிப் போயிருந்தது.

யாரும் ஏமாற்றவில்லை. இப்போதைய கணினிகளில் இருக்கும் டிடிஆர் வகை நினைவகத்தில் கடிகாரத் துடிப்பு ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை என ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு முறை தரவு போகிறது. பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றிப் போன வண்டி காலியாகத் திரும்பாமல் அங்கிருந்து வேறு சரக்கு ஏற்றிக்கொண்டு வந்தால் நடை ஒன்றுதான், சரக்கு இரண்டு. சிபியு-இசட் நடையை எண்ணுகிறது, ஒட்டுத்தாள் சரக்கை எண்ணுகிறது. ஆக, 1333 என்றால் 2666. சரி, அப்போதும் 3200 வரவில்லையே? அவன் கணினியில் இருந்தது இன்டெல் கோர் ஐ3-10100. அந்தச் செயலிக்கு இன்டெல் குறித்திருக்கும் உச்சமே டிடிஆர்4-2666தான். தாய்ப்பலகையும் அதற்கு மேல் விடாத வகை. நினைவகத்தின் மேல் குற்றமே இல்லை.

இதை அவனுக்குப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அதில் பாதி நேரம் 'வேகம்' என்ற ஒரே சொல்லால் வீணானது. "இதோட வேகம் 3200, ஆனா இப்ப வேகம் 2666, அதுல காட்டுற வேகம் 1333" என்று என் வாயாலேயே சொன்னேன். கேட்கிறவனுக்கு எப்படித் தெளியும்?

துடிப்பையும் பரிமாற்றத்தையும் பிரிப்பதில் நம் குழுவில் பெரிய சண்டை இல்லை என்று நினைக்கிறேன். மெகாஹெர்ட்ஸில் வருவது துடிப்பு வீதம், நொடிக்கு எத்தனை மெகா (பத்து லட்சம்) முறை தரவு போகிறது என்பது பரிமாற்ற வீதம். டிடிஆர்4-3200 என்றால் துடிப்பு 1600, பரிமாற்றம் 3200. ஒரு முறைக்கு 8 பைட்டு என்று பெருக்கினால் நொடிக்கு 25,600 மெகாபைட்டு. ஒட்டுத்தாளில் பிசி4-25600 என்று இருப்பது இதுதான். இதை இத்தோடு விடுகிறேன்.

சிக்கல் தயாரிப்பாளர் எழுதி ஒட்டும் வேகத்துக்கு என்ன பெயர் என்பதில்தான். 'அறிவிக்கப்பட்ட வேகம்' பொருளில் சரி, ஆனால் நிரலின் திரையில் அதற்கான கட்டத்துக்குள் அடங்காது. 'விளம்பர வேகம்' என்றால் பொய் சொல்கிறார்கள் என்ற தொனி முதலிலேயே வந்துவிடுகிறது. உண்மையாகவே 3200 ஓடும் நினைவகத்துக்கு அது அநியாயம்.

கிருஷ்ணகிரி நண்பர் 'முத்திரை வேகம்' என்றார். கேட்டதும் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு நாள் யோசித்த பிறகுதான் வேண்டாம் என்று தோன்றியது. அவர் ஊர் மாங்காய் மண்டியில் எடைக்கல்லில் இருக்கும் முத்திரை, விற்கிறவரும் வாங்குகிறவரும் அல்லாத மூன்றாவது ஆள், அதாவது அரசு, சோதித்துப் பார்த்துப் போட்டது. அந்த நம்பிக்கையில்தான் பெங்களூரா மாங்காய் டன் கணக்கில் கைமாறுகிறது. நினைவகத்தின் ஒட்டுத்தாள் விற்கிறவரே எழுதி ஒட்டியது. அதற்கு முத்திரை என்ற சொல்லைக் கொடுத்தால் நாம் சோதிக்க வேண்டிய ஒன்றைச் சோதித்தாகிவிட்டது என்று சொன்னதாகிவிடும்.

அதே மண்டியில் இன்னொரு வழக்கம் உண்டு. மூட்டைக்கு மேல் அவரவர் குறி போடுவார்கள். குறி என்பது உரியவரின் சொல், அவ்வளவுதான். அவிழ்த்துப் பார்க்கும் உரிமை வாங்குகிறவருக்கு இருக்கிறது. எனவே என் பரிந்துரை 'குறிவேகம்'. குறி என்றால் இலக்கு என்ற பொருளும் வருமே என்று ஓசூர் அக்கா கேட்டிருந்தார். உண்மைதான். ஆனால் இடம் பார்த்தால் குழம்பாது. குறித்த வேகம், குறிக்கிற வேகம் என்று வினைத்தொகையாகவும் விரித்துக்கொள்ளலாம்.

இப்போது உண்மையில் ஓடிக்கொண்டிருப்பது 'ஓடுவேகம்'. 'இயங்கு வேகம்' என்பதில் பிழையில்லை, ஆனால் கடையில் எல்லோரும் "எவ்வளவுல ஓடுது?" என்றுதான் கேட்கிறார்கள். லினக்ஸில் டிஎம்ஐடிகோட் கட்டளை நினைவகத்துக்கு இரண்டு வேக வரிகள் காட்டும். பெரும்பாலும் முதல் வரி குறிவேகம், இரண்டாவது ஓடுவேகம். தமிழில் இரண்டையும் 'வேகம்' என்று போட்டால் படிப்பவருக்குத் திரை பழுதானது போல இருக்கும்.

மூன்றாவது சொல் எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். இதில்தான் எனக்கு அக்கறை அதிகம்.

பல விளையாட்டுக் கணினி நினைவகங்களில் 3200 என்பது எக்ஸ்எம்பி என்ற, தயாரிப்பாளர் எழுதி வைத்த கூடுதல் வேக அமைப்பை பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) இயக்கினால் வரும் வேகம். இயக்காவிட்டால் 2133, 2666 என்று ஜெடெக் தரத்தின் (நினைவகங்களுக்கான பொதுத் தரம்) அடிப்படை வேகம் ஒன்றில் ஓடும். இயக்கியதும் 3200 காட்டும். எண் ஒத்துப்போயிற்று, எல்லாம் சரி என்று பெட்டியை மூடிவிடுவோம். இரவு முழுவதும் மெம்டெஸ்ட்86+ என்ற நினைவகப் பிழை தேடும் நிரலை ஓடவிட்டுப் பாருங்கள். சிலவற்றில் ஓரிரு பிட்டு பிசகும். அந்த நினைவகம் 3200இல் ஓடுகிறது, 3200ஐத் தாங்கவில்லை. இப்படி ஒரு பிட்டு பிசகி, வாடிக்கையாளர் ஒருவரின் இரண்டு வருடக் கணக்குக் கோப்பு திறக்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே பிழையில்லாமல் நின்று ஓடும் உச்சத்துக்கு 'தாங்குவேகம்'. சூட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 85 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் நினைவகத்தில் இருக்கும் தரவு அழியாமல் அவ்வப்போது மின்னூட்டத்தைப் புதுப்பிப்பதை இரு மடங்கு அடிக்கடி செய்யச் சொல்கிறது ஜெடெக் தரம். மார்கழிக் காலையில் தாங்கியது சித்திரை மதியத்தில் தாங்காமல் போகலாம்.

ஐயா (நம் தமிழாசிரியர்) ஒற்று மிகுமா என்று கேட்டிருந்தார். வருமொழி வகரத்தில் தொடங்குவதால் அந்தக் கேள்வியே எழாது ஐயா, மூன்றையும் அப்படியே சேர்த்து எழுதலாம்.

இனிச் சோதனையின் பெயர். மேலே சொன்னதிலிருந்தே, ஒரு பெயர் போதாது என்று தெரிகிறது. குறிவேகத்தையும் ஓடுவேகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. தாங்குவேகத்தைக் கண்டுபிடிப்பது இரவு முழுக்க. முன்னதற்கு 'வேக ஒத்தாய்வு', பின்னதற்கு 'தாங்குசோதனை' என்கிறேன். கணக்கை ஒத்துப் பார்ப்பது என்று கடைத்தெருவில் சொல்கிறோமே, அந்த 'ஒத்து'. 'வேக உரைப்பு' என்ற யோசனை அழகானது. பொன்னை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல் குறளிலேயே இருக்கிறது. ஆனால் இன்று உரை என்றால் பேச்சுதான் நினைவுக்கு வரும். பொத்தானில் பெயர்ச்சொல்லே வேண்டாம், 'வேகம் ஒத்துப் பார்' என்று ஏவலாகவே இருக்கட்டும்.

ஒத்தாய்வில் ஒரு எச்சரிக்கை வரியும் சேர்க்க வேண்டும். சென்ற ஆண்டு ஒரு பழைய மடிக்கணினி நினைவகம் வந்தது. மேலே 3200 என்ற ஒட்டுத்தாள். நினைவகத்தின் விவரங்களைத் தன்னுள் எழுதி வைத்திருக்கும் எஸ்பிடி சில்லு 2400 என்றது. ஒட்டுத்தாளை உரித்தால் கீழே இன்னொன்று. எஸ்பிடி சில்லில் இருப்பதையும் கருவி வைத்து மாற்றி எழுத முடியும். எனவே சில்லு சொல்வதும் குறிவேகம்தான், தாங்குவேகம் அல்ல. அந்தச் சில்லுக்கு 'தன்குறிப்புச் சில்லு' என்று வைத்திருக்கிறேன், நல்லதாக வேறு கிடைத்தால் மாற்றிவிடுகிறேன்.

அப்புறம், வேகம் ஒத்திருந்தாலும் சுணக்கம், அதாவது தரவைக் கேட்டதற்கும் அது வரத் தொடங்குவதற்கும் இடையிலான தாமதம், வேறுபடும். ஒட்டுத்தாளில் உள்ள சிஎல் எண் அதைத் துடிப்புக் கணக்கில் சொல்கிறது. 3200இலேயே சிஎல்16 என்றால் 10 நானோநொடி, சிஎல்22 என்றால் 13.75. 'சுணக்கம்' நம் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது, மாற்ற வேண்டாம்.

ஞாயிறு இரவு மொழிபெயர்ப்புக் கோப்பை ஏற்றுகிறேன். 'ஒத்தாய்வு' காதில் 'ஒத்தாசை' மாதிரி விழுகிறது என்று வீட்டில் சொன்னார்கள். உங்களுக்கும் அப்படிப் படுகிறதா என்று அதற்குள் எழுதுங்கள்.