தீபாவளிக்கு ஊருக்குப் போகணும், பள்ளியில் லீவு இல்லை என்கிறார்கள். அவசரம்!

புதுசா வந்தவள்:
எல்லோருக்கும் வணக்கம். ஜூன் கடைசியில்தான் ஜெர்மனி வந்தோம். இந்தத் தீபாவளி என் நாத்தனாருக்குத் தலை தீபாவளி. வீட்டுக்கு ஒரே மருமகள் நான், போகாமல் இருக்கவே முடியாது. இங்கே வருவதற்கு முன்னாலேயே, விலை குறைவாகக் கிடைத்தது என்று சென்னைக்கு டிக்கெட் போட்டாச்சு. நேற்று பள்ளி அலுவலகத்தில் தேதியைச் சொன்னேன், அங்கிருந்த அம்மா ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார். இலையுதிர்கால விடுமுறை முடிந்து மூன்று நாள்தான் கூடுதல், அதற்கு அபராதம் போடுவார்கள், விமான நிலையத்தில் போலீஸ் பிடிக்கும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். இது போதாதென்று மகளின் கிட்டாவிலிருந்து, அதாவது மழலையர் பள்ளியிலிருந்து, ஒரு காகிதம் வந்திருக்கிறது, நவம்பரில் மார்ட்டின் என்று ஏதோ விழாவாம், விளக்கு செய்யப் பெற்றோர் வந்து உட்காரணுமாம். எனக்கு மொழியும் தெரியாது. டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. தூக்கமே இல்லை, தயவுசெய்து யாராவது வழி சொல்லுங்கள்.

கொலோன்வாசி:
எதற்கு இவ்வளவு பதற்றம்? இந்த 2025இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கள். விடுமுறை 13இல் தொடங்கி 25 வரை இருக்கிறது. தாராளமாகப் போய்விட்டு வாருங்கள்.

முனிச் மாமா:
தம்பி, அது உங்கள் மாநிலக் கணக்கு. பவேரியாவில் நவம்பர் 3 முதல் 7 வரை ஒரே வாரம்தான், அப்புறம் 19ஆம் தேதி ஒருநாள். இவர் எந்த மாநிலம் என்றே சொல்லவில்லையே. போலீஸ் விஷயம் வதந்தி இல்லை அம்மா. 2018இல் இங்கே மெமிங்கன், நியூரம்பெர்க் விமான நிலையங்களில் விடுமுறைக்கு முன்னாலேயே பிள்ளைகளோடு கிளம்பிய குடும்பங்களைப் பிடித்து, பள்ளிக்கே போன் போட்டுக் கேட்டார்கள், செய்தித்தாளில் எல்லாம் வந்தது. பள்ளிக்குப் போவது இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம், நம் ஊர் மாதிரி டைரியில் நாலு வரி எழுதிக் கொடுத்துச் சமாளிக்க முடியாது.

பழைய ஆள்:
என்னைக் கேட்டால் முதல் வருடம் ஊருக்கே போகக் கூடாது. நாங்கள் வந்தபோது ஸ்டுட்கார்ட்டில் எங்கள் தெருவில் தமிழ் பேச ஓர் ஆள் கிடையாது. அக்டோபர் கடைசியில் நேரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள், மறுநாளிலிருந்து ஐந்தரைக்கெல்லாம் இருட்டு. பெரியவளைக் கூட்டிக்கொண்டு தினமும் பூங்காவுக்குப் போய் கஸ்டானியன் காய் பொறுக்குவேன். செம்மண் நிறத்தில் வழுவழுவென்று இருக்கும், அவள் இரண்டு கோட்டுப் பையிலும் அடைத்துக்கொண்டு வருவாள், வீட்டில் தீக்குச்சி சொருகி யானை, மாடு என்று செய்து ஜன்னலோரம் வரிசையாக வைப்போம். அங்கேதான் அவளுக்கு முதல் தோழி கிடைத்தாள், அவள் அம்மாவிடமிருந்துதான் நான் ஜெர்மன் பேசக் கற்றேன். குழந்தைகள் இங்கே வேர் பிடிக்கிற பருவமே இந்த செப்டம்பர், அக்டோபர், நவம்பர்தான். அப்போது பிடுங்கிக்கொண்டு போகாதீர்கள்.

ரெண்டு பசங்க அப்பா:
அதெல்லாம் சரி சார், தலை தீபாவளி திரும்ப வருமா? தாத்தா பாட்டிக்கு வயதாகிக்கொண்டே போகிறது. நான் சொல்வதைக் கேளுங்கள், போய்விட்டு வந்து பையனுக்குக் காய்ச்சல் என்று ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். மூன்று நாள்தானே, யார் கேட்கப்போகிறார்கள்?

மைன் கரை:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விடுமுறையை ஒட்டிய நாளில் பிள்ளை வரவில்லை என்றால் மருத்துவரின் சான்றைப் பள்ளி கேட்கலாம். அதைவிட முக்கியம், இங்கே திங்கட்கிழமை காலையில் குழந்தைகளை வட்டமாக உட்காரவைத்து விடுமுறையில் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். ஆறு வயதுப் பிள்ளை பாட்டி வீட்டில் பட்டாசு வெடித்தேன் என்று சந்தோஷமாகச் சொல்லும். அதைப் பொய் சொல்லப் பழக்குவீர்களா? புதுசா வந்த தங்கச்சி, எந்த மாநிலம், எந்தத் தேதியில் திரும்புகிறீர்கள், பிள்ளை எத்தனையாவது வகுப்பு, இந்த மூன்றையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் காற்றில் கத்தி வீசிக்கொண்டிருப்போம்.

புதுசா வந்தவள்:
மன்னிக்கணும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். ஃபிராங்க்ஃபர்ட் பக்கம், ஹெஸ்ஸன். பையன் ஆகஸ்டில்தான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தான். மகளுக்கு நாலு வயது, கிட்டா போன வாரம்தான் ஆரம்பம், இன்னும் நான் கூடவே உட்கார்ந்திருக்கிறேன். அக்டோபர் 4 கிளம்பி 22 மாலை திரும்புகிறோம். விடுமுறை 6 முதல் 18 வரை.

கொலோன்வாசி:
அப்படியென்றால் தீபாவளி அன்றுதான் பள்ளி திறக்கிறது. அடக் கடவுளே. எங்களுக்கும் உங்களுக்கும் நடுவில் காரில் இரண்டு மணி நேரம், லீவு மட்டும் ஒரு வாரம் தள்ளி.

ரெண்டு பசங்க அப்பா:
இதைத்தான் நான் எப்போதும் சொல்வேன், ஒரே நாட்டில் பதினாறு விதமாக விடுமுறை. விடுமுறை தொடங்கும் சனிக்கிழமை டிக்கெட் விலையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. போன வருடம் நால்வருக்குக் கேட்ட விலையில் ஊரில் ஒரு வண்டியே வாங்கியிருக்கலாம்.

முனிச் மாமா:
அது மட்டுமா, பள்ளி லீவு முடிந்தால் கிட்டா மூடும் நாள். கிட்டா திறந்தால் ஆசிரியர்களுக்குக் காய்ச்சல், மதியத்தோடு கூட்டிக்கொண்டு போங்கள் என்று செய்தி. பெற்றோர் குழுவில் ஒரு நாளைக்கு நாற்பது செய்தி, அதில் எது முக்கியம் என்று கண்டுபிடிப்பதற்குள் கேக் கொண்டுவரும் பட்டியலில் நம் பெயர் ஏறிவிடும்.

பழைய ஆள்:
ஞாயிறு கடையும் கிடையாது. அந்தக் காலத்தில் சனி மதியமே மூடிவிடுவார்கள், இப்போது எவ்வளவோ பரவாயில்லை.

ஹம் பக்கம்:
தங்கச்சி, நாங்கள் 80களின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆட்கள். அப்ப ஊருக்குப் போறதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவே ஏலாது. தீபாவளி எண்டால் ஒரு அறையில் நாலு குடும்பம் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டதுதான். பிறகு 2002இல் இங்கே ஹம் நகரில் காமாட்சி அம்மன் கோவிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது, கோபுரத்தைப் பார்த்து அழுதவர்கள் எத்தனையோ பேர். அதனால் போகக் கிடைக்கிற உங்களைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கு. அந்த மார்ட்டின் விழாவுக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. குளிரில் நடுங்கின பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதி கொடுத்த போர்வீரர் அவர். நவம்பர் 11, இந்த முறை செவ்வாய். பிள்ளைகள் தாங்கள் செய்த காகித லாம்பைத் தடியில் தொங்கவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு இருட்டில் ஊர்வலம் போவார்கள், பல ஊர்களில் முன்னால் ஒருவர் சிவப்பு மேலங்கியோடு குதிரையில் வருவார், கடைசியில் நெருப்பு மூட்டிப் பாலில் பிசைந்த இனிப்புப் பாண், அதுதான் ரொட்டி, கொடுப்பார்கள். என் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கும் போய்விட்டார்கள், அந்தப் பாட்டு இன்னும் அவர்களுக்கு மனப்பாடம். லாம்பு செய்ய மொழி தேவையில்லை, கத்தரிக்கோலும் பசையும் போதும், கட்டாயம் போங்கள்.

மைன் கரை:
சரி, இப்போது காரியத்துக்கு வருவோம். நானும் ஹெஸ்ஸன்தான், இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவள்.

முதலில் நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் நால்வரின் தங்கும் அனுமதி அட்டையும் கைக்கு வந்துவிட்டதா? இன்னும் விசாவில்தான் இருக்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு பாஸ்போர்ட்டிலும் விசா எந்தத் தேதிவரை, பலமுறை நுழையலாமா என்று இன்று இரவே எடுத்துப் பாருங்கள். விசா முடிந்து தற்காலிகக் காகிதம் மட்டும் இருந்தால், அதை வைத்துத் திரும்ப நுழைய முடியுமா என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்காமல் விமானம் ஏற வேண்டாம். எல்லா வகைக் காகிதத்துக்கும் அந்த உரிமை கிடையாது. பள்ளி அபராதத்தைவிட இது பெரிய விஷயம்.

அடுத்தது பையன். அலுவலகத்தில் வாயால் கேட்டது கணக்கில் வராது. விடுமுறையை ஒட்டிய நாட்களுக்கு அனுமதி தர வேண்டியவர் தலைமை ஆசிரியர், அவருக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். தீபாவளி எங்கள் மதப் பண்டிகை, இந்த ஆண்டு 20ஆம் தேதி வருகிறது என்று சுருக்கமாக எழுதினால் போதும். டிக்கெட் எடுத்தாச்சு, விலை குறைவாகக் கிடைத்தது என்று மட்டும் எழுதாதீர்கள், அது மறுக்கத்தான் உதவும். இருந்தாலும் நேராகச் சொல்கிறேன், பண்டிகைக்கு ஒருநாள் கிடைத்தால்கூட நீங்கள் அன்று சென்னையில்தானே இருப்பீர்கள். 21, 22க்குக் காரணம் இல்லை. மூன்று நாளும் கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

அதனால் விமான நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். பணம் திரும்பாத டிக்கெட்டிலும் பெரும்பாலும் கட்டணம் கட்டித் தேதி மாற்றலாம், சீக்கிரம் கேட்டால் மலிவாக இடம் கிடைக்கும். அக்டோபர் 3 வெள்ளி, ஜெர்மனி ஒன்றிணைந்த நாள், பொது விடுமுறை. ஆகவே 2ஆம் தேதி பள்ளி முடிந்ததும் அன்று இரவே கிளம்பலாம், முன்னால் இரண்டு நாள் கூடுதலாகக் கிடைக்கும். திரும்புவது 18 அல்லது 19.

தலை தீபாவளிக்கு நீங்கள் இருந்தே ஆகவேண்டும் என்றால் குடும்பத்தைப் பிரியுங்கள். அப்பாவும் பையனும் முதலில் வரட்டும், நீங்களும் மகளும் 22 வரை இருங்கள். கிட்டாவுக்குக் கட்டாயச் சட்டம் இல்லை, இந்தத் தேதிகளில் வரமாட்டாள் என்று சொன்னால் போதும். ஆனால் அவள் இப்போதுதான் பழகுகிறாள், இவ்வளவு இடைவெளி விட்டால் நீங்கள் மறுபடி சில நாள் கூடவே உட்கார வேண்டிவரும், அதற்குத் தயாராக இருங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையோடு பயணம் செய்தால் மற்றவர் சம்மதக் கடிதம் ஆங்கிலத்தில் கையெழுத்திட்டு, பாஸ்போர்ட் நகல், பிறப்புச் சான்றிதழ் நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். 19 ஞாயிறு இறங்கினால் வெளியே கடை இருக்காது, ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்குள் இருக்கும் சூப்பர்மார்க்கெட்டில் பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டே வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.

ரெண்டு பசங்க அப்பா:
பையன் மட்டும் தீபாவளியை விட்டுவிட்டு வரணுமா? பாவம்.

மைன் கரை:
பாவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதனால் ஊரிலேயே ஒருநாள் முன்னால் அவனுக்கு எண்ணெய் தேய்த்து, புதுத்துணி போட்டு, பாட்டி கையால் பட்சணம் கொடுத்து, தெருவில் அவன் பங்குப் பட்டாசையும் வெடிக்கவிட்டு அனுப்புங்கள். 20ஆம் தேதி இங்கே பள்ளி முடிந்து வந்தால் ஊரில் மாலை, மூன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், எல்லோரையும் போனில் பார்க்கலாம். பட்டாசைப் பெட்டியில் வைத்து இங்கே கொண்டுவர வேண்டாம், விமானத்திலும் விடமாட்டார்கள். இங்கேயும் வெடி வெடிக்கப் புத்தாண்டை ஒட்டி மட்டும்தான் அனுமதி. கையில் பிடிக்கும் கம்பி மத்தாப்பு வருடம் முழுவதும் கிடைக்கும், அதைப் பெரியவர்கள் பக்கத்தில் நின்று கொளுத்தலாம்.

புதுசா வந்தவள்:
அக்கா, எத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள், ரொம்ப நன்றி. பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தோம். அவருக்கு அட்டை வந்துவிட்டது. எங்கள் மூவருக்கும் விசா டிசம்பர் வரை, பலமுறை நுழையலாம் என்றுதான் போட்டிருக்கிறது. அவர் விமான நிறுவனத்தில் பேசினார், நால்வருக்கும் 2ஆம் தேதி இரவுக்கு மாற்றலாம், அவருக்கும் பையனுக்கும் மட்டும் திரும்புவது 18, கட்டணம் அதிகம்தான், ஆனால் கட்டலாம் என்று முடிவு செய்துவிட்டோம். மாமியாரிடம் சொன்னதும் பேரனுக்கு 17ஆம் தேதியே தீபாவளி என்று அறிவித்துவிட்டார்கள். விளக்கு செய்யும் நாள் அக்டோபர் 29, அன்று இங்கே இருப்பேன். அதற்கு என்ன கொண்டுபோகணும்?

ஹம் பக்கம்:
காகிதத்தில் வேறொன்றும் எழுதவில்லை எண்டால் கத்தரிக்கோல், பசை. லாம்புக்குள் போட பட்டரி விளக்கு வைத்த தடி அக்டோபரில் சூப்பர்மார்க்கெட்டிலேயே தொங்கும். பையனுக்கும் சேர்த்து இரண்டாக வாங்குங்கள், நவம்பர் வந்தால் முடிந்துவிடும்.