ஸ்வீடன் குடும்பப் பெயர்கள்: சில கதைகள்

போன கோடையில் தெற்கு ஸ்வீடனின் ஸ்மோலாந்து பகுதியில் உள்ள ரோஷுல்ட்டுக்குப் போயிருந்தேன். 1707இல் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் பிறந்த ஊர். அவருடைய அப்பாவின் பெயர் நில்ஸ் இங்கேமார்சன், அதாவது இங்கேமாரின் மகன் நில்ஸ். பல்கலைக்கழகத்தில் சேரும்போது குடும்பப் பெயர் தேவைப்பட்டது. குடும்ப நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரத்தை வைத்து லின்னேயஸ் என்று அவரே சூட்டிக்கொண்டாராம். செடிகொடிகளுக்குப் பெயர் வைத்தவரின் பெயரே மரத்திலிருந்து வந்தது!

---

லின்னேயஸின் அப்பா பெயரைத் தானே தேர்ந்துகொண்டார். என் சக ஊழியரின் குடும்பத்துக்குப் படையில் கொடுத்தார்கள். அவர் குடும்பப் பெயர் ராஸ்க்; வேகமானவர் என்று பொருள். காபி நேரத்தில் விசாரித்தேன். உடனே கைபேசியில் பழைய தேவாலயப் பதிவேட்டைக் காட்டினார். ஒரு பக்கத்தில் நில்சன், சில பக்கம் தள்ளி அதே ஆள் ராஸ்க். நடுவில் சிப்பாயாகச் சேர்ந்திருக்கிறார்.

1680களில் பதினோராம் கார்ல் அரசர் கொண்டுவந்த ஏற்பாட்டில், சில பண்ணைகள் சேர்ந்து ஒரு சிப்பாயைப் பராமரிக்க வேண்டும்; குடியிருக்கச் சின்ன வீடும் கொஞ்சம் நிலமும் தர வேண்டும். ஆனால் படையில் எங்கு பார்த்தாலும் நில்சன், ஆண்டர்சன். யாரைக் கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்புவார்கள். அதனால் ராஸ்க், மூடிக் (துணிச்சல்காரர்), ஸ்வேர்ட் (வாள்) என்று சுருக்கமான பெயர்கள். ஒரு சிப்பாய்க்குப் பின் அதே வீட்டுக்கு வரும் அடுத்த சிப்பாய்க்கும் பெரும்பாலும் அதே பெயர்தான்! ஆகவே இரண்டு ராஸ்க்குகள் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளைகளிலும் சிலர் ராஸ்க்கை வைத்துக்கொண்டார்கள், சிலர் அப்பா பெயரோடு 'சன்' சேர்த்துக்கொண்டார்கள். 1901இல் வந்த பெயர்ச் சட்டத்துக்குப் பிறகுதான் பரம்பரைப் பெயர் உறுதியாக நிலைத்தது.

அப்புறம் என் சக ஊழியர் கேட்டார்: "உங்கள் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம்?"

அது என் அப்பாவின் பெயர் என்றேன். ஊரில் இனிஷியலாக இருந்தது, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராகிவிட்டது.

"அப்படியென்றால் நீங்களும் எங்கள் நில்சன் மாதிரிதான்" என்றார்.

இங்கே ஸ்வீடனில் பல அடுக்குமாடி வீடுகளில் கதவிலேயே கடிதம் போடும் துளை இருக்கும். அதன்மேல் குடும்பப் பெயரை எழுதி வைப்பார்கள். அன்று மாலை சாவியைப் போடும்போது கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். தஞ்சாவூரைத் தாண்டி அதிகம் போகாத அப்பாவின் பெயர், லின்ஷோப்பிங்கில் மூன்றாம் மாடிக் கதவில்.