ஏற்றாத ரத்தம்

2007ஆம் ஆண்டு ஆடி மாதம் என் தம்பி சென்னையிலிருந்து விழுப்புரத்துக்கு வந்து இறங்கியபோது, இரண்டு மாதமாக விடாத காய்ச்சலும், கழுத்தில் நெறிகட்டியும், வாய்க்குள் வெண்படலமுமாக இருந்தான். அவனுக்கு அப்போது 28 வயது. நெறியிலிருந்து சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவனைச் சேர்த்துக்கொண்ட ஒரு தனியார் மருத்துவமனை, எவரிடமும் கேட்காமலே எச்.ஐ.வி. சோதனை செய்து, முடிவைக் கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையால் எழுதி, வார்டு ஆயா வரைக்கும் செய்தியைப் பரவவிட்டு, அன்று மாலையே வேறிடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டது.

தாம்பரம் சானடோரியத்திலுள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையில் 2004 முதல் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து இலவசமாகக் கிடைத்து வந்தது. அங்கே எடுத்த சோதனையில், ரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்பு அணுக்களைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை 84 என்று வந்தது. 200க்குக் கீழே போனாலே எய்ட்ஸ் நிலை என்று ஆலோசகர் விளக்கினார். காசநோயும் இருந்ததால் முதலில் அதற்கு மருந்து தொடங்கி, சில வாரங்கள் கழித்தே எச்.ஐ.வி. மாத்திரைகளைக் கொடுத்தார்கள்.

அந்த மருத்துவமனையின் மர பெஞ்சில் உட்கார்ந்துதான் தம்பி எங்களிடம் மற்றதைச் சொன்னான். தனக்குப் பெண்கள் மேல் நாட்டமில்லை என்றும், நாங்கள் அறைத்தோழன் என்று நினைத்திருந்தவரோடு மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்வதாகவும் சொன்னான். அப்பா தமிழாசிரியர். தண்ணீர் வாங்கி வருவதாக எழுந்து போனவர் ஒரு மணி நேரம் திரும்பவில்லை. தன்பாலீர்ப்பு என்ற சொல் எங்களுக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிய வந்தது. அன்று எங்கள் காதில் விழுந்திருந்த சொற்கள் எல்லாமே ஏச்சுகள், போதாக்குறைக்குச் சட்டமும் அதைக் குற்றம் என்றது.

நோயை அம்மா ஒரே இரவில் ஏற்றுக்கொண்டார். அவன் எச்சில் தட்டில் தாமே சாப்பிட்டார். ஆனால் உறவினரிடம், முந்தைய ஆண்டு தம்பி வண்டியிலிருந்து விழுந்தபோது ஏற்றிய ரத்தத்தால் வந்தது என்று ஒரு கதையைச் சொல்லிவிட்டார். அவன் விழுந்தது உண்மை. முழங்காலில் நான்கு தையல் போட்டதும் உண்மை. ரத்தம் ஏற்றவே இல்லை.

இந்தக் கதையை எல்லோரையும்விட ஆழமாக நம்பியவர் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த எங்கள் மாமா. "ஏத்துற ரத்தத்தை டெஸ்ட் பண்ணணும்னு எண்பத்தொன்பதுலேயே விதி வந்தாச்சு அக்கா, சும்மா விடக் கூடாது" என்று கொதித்து, வக்காலத்துத் தாளோடு வந்து நின்றார். எந்த மருத்துவமனை, எந்தத் தேதி என்று அவர் கேட்கக் கேட்க, அம்மா மூன்று வாரம் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. கடைசியில் அப்பாதான் திண்ணைக்குப் போய், ரத்தம் எதுவும் ஏற்றவில்லை என்று தொடங்கி, மகனைப் பற்றி முழுவதையும் சொன்னார். அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை. உள்ளே படுத்திருந்த தம்பிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. மாமா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனவர்தான், இரண்டு தீபாவளிக்கு வரவில்லை.

நோயாளிக்குத் தனித் தட்டு வைக்காத அம்மா, சனிக்கிழமைதோறும் ரயிலேறி வந்த, தம்பியோடு வாழ்ந்த அந்தப் பையனுக்குத் தனி டம்ளர் வைத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவன்தான் கொடுத்திருப்பான் என்பது அவருடைய எண்ணம். அந்தப் பையனுக்குச் சோதனையில் தொற்று இல்லை என்று வந்த பிறகும் டம்ளர் மாறவில்லை. யாரிடமிருந்து வந்தது என்று தம்பி சொல்லவில்லை, நாங்களும் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திக்கொண்டோம். எச்.ஐ.வி.க்காக இரவில் போடும் எபாவிரென்ஸ் மாத்திரை அவனுக்குப் பயங்கரமான கனவுகளைக் கொண்டுவரும், அலறி எழுவான். அம்மா போய்த் தொட்டால் உதறுவான். தரையில் படுத்திருந்த அந்தப் பையன் பெயர் சொல்லி அழைத்தால் மட்டும் அடங்குவான். இதை அம்மா சில வாரங்கள் வாசற்படியில் நின்று பார்த்த பிறகு, அந்த டம்ளர் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

இருவரும் சென்னைக்குத் திரும்பியபோது, இரவு ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டானா என்று அந்தப் பையனிடம் தொலைபேசியில் கேட்பதை அம்மா வழக்கமாக்கிக்கொண்டார். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் தளர்த்தியது. நான்கு நாள் கழித்து, சம்மதமின்றிச் சோதிப்பதையும் நோயாளியை ஒதுக்குவதையும் தடுக்கும் எச்.ஐ.வி. சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டையும் பார்க்க அப்பா இல்லை.

தம்பிக்கு இப்போது நாளுக்கு ஒரே மாத்திரை. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருப்பதால் அவனிடமிருந்து உடலுறவு வழியாக யாருக்கும் தொற்றாது. அவனுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்பது மணி அழைப்பு நிற்கவில்லை. நேற்று அம்மா அந்தப் பையனிடம், அனுப்பிய சுண்டைக்காய் வற்றல் வந்து சேர்ந்ததா, வெயிலில் ஒரு முறை காய வைத்தாயா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.