ஷிங்கிள் கிளாஸ் மேட்: டென்சைல் ஏறுகிறது, டியர் இறங்குகிறது. எங்கே கை வைப்பது?

லைன்2_செல்வம் கேட்டது:

வணக்கம். கூரை ஷிங்கிளுக்கான (பிற்றுமின் பூசிய கூரைத் தகடு) கிளாஸ் மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பு, வெட்-லெய்டு லைனில் (இழையைத் தண்ணீரில் கலக்கி, வயர் எனும் வலை மீது வடித்துப் பரப்பும் முறை) ஓடுகிறது. இப்போதைய நிலவரம் இது.

மேட் எடை சதுர மீட்டருக்கு 92 கிராம். எல்.ஓ.ஐ. (எரித்தால் குறையும் எடை, அதாவது இழைகளை ஒட்டும் பைண்டரின் பங்கு) 24 சதவீதம். இழை ஈ-கிளாஸ் (வழக்கமான வகைக் கண்ணாடி) வெட் சாப் (ஈரத்தோடு வரும் நறுக்கிய இழை), 16 மைக்ரான், 25 மி.மீ. வெட்டு. பைண்டர் யூரியா ஃபார்மால்டிஹைடு (யு.எஃப்.) மட்டும், லேட்டக்ஸ் (ரப்பர் போன்ற பாலிமர் கலந்த நீர்) கிடையாது. பைண்டரை இறுக வைக்கும் கேட்டலிஸ்டாக அமோனியம் சல்ஃபேட் போடுகிறோம். ஒயிட் வாட்டரில் (இழையைச் சுமந்து சுற்றிவரும் தண்ணீர்) பிசுபிசுப்புக்குப் பாலிஅக்ரிலமைடு, இழையைப் பிரிக்கும் டிஸ்பெர்சன்ட்டாக அமீன் ஆக்சைடு.

டென்சைலில் (இழுவைப் பலம்) குறை இல்லை. எல்மண்டார்ஃப் டியர் (ஊசலால் கிழித்து அளக்கும் கிழிசல் பலம்) நீளவாக்கு, அகலவாக்கு என இரண்டு திசையிலும் குறைவு. வாங்குபவர் பிற்றுமின் பூசி ஷிங்கிளாக்கிய பிறகு, ஏ.எஸ்.டி.எம். டி 3462 தரநிலை கேட்கும் 1700 கிராம் டியர் வரவில்லை என்கிறார். இன்னொரு பிரச்சினையும் உண்டு. 80 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து இழுத்தால், காய்ந்த நிலையில் இருந்த டென்சைலில் பாதிதான் மிஞ்சுகிறது.

எல்.ஓ.ஐ. முன்பு 22 இருந்தது. பலம் கூடும் என்று 24 ஆக்கினோம். டென்சைல் சற்று ஏறியது, டியர் மேலும் இறங்கிவிட்டது. பைண்டரை மாற்றுவதா, இழை நீளத்தைக் கூட்டுவதா, ஓவனைப் பார்ப்பதா? எதை முதலில் தொடலாம்?

---

ரெசின்_குமரன்:

செல்வம் சார், 24-க்கு ஏற்றியதும் டியர் இறங்கியதில் ஆச்சரியமே இல்லை. டென்சைலும் டியரும் ஒரே பலத்தின் இரண்டு அளவுகள் அல்ல. இழுக்கும்போது இழைகள் சந்திக்கும் முனைகள் எல்லாம் சேர்ந்து சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன, அதனால் முனை எவ்வளவு இறுகியிருக்கிறதோ அவ்வளவு நல்லது. கிழிக்கும்போது கதை வேறு. சுமை முழுவதும் கிழிசலின் நுனியில் இருக்கும் சில இழைகள் மீது விழுகிறது. அந்த இழைகள் பைண்டரிலிருந்து உருவிக்கொண்டு வந்தால் உராய்வில் நிறைய ஆற்றல் செலவாகும். எல்மண்டார்ஃப் ஊசல் அளப்பது அந்த ஆற்றலைத்தான். முனை இறுகி, பைண்டரும் நொறுங்கும் தன்மையில் இருந்தால் இழை உருவாது. பட்டென்று முறியும், ஆற்றலே செலவாகாது. வெறும் யு.எஃப். காய்ந்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும் பிசின். அதைக் கூட்டக் கூட்டக் கிழிசலுக்கு வழி விடுகிறீர்கள்.

கிழிந்த விளிம்பை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். இழை நுனிகள் முடிபோல நீட்டிக்கொண்டிருந்தால் உருவல் நடக்கிறது. விளிம்பு கத்தரியால் வெட்டியதுபோல இருந்தால் என் பேச்சு உங்கள் மேட்டுக்குப் பொருந்தும்.

செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, மொத்த எடையை 92-லேயே வைத்து எல்.ஓ.ஐ.யை 20-க்கு இறக்குங்கள். இப்போது சதுர மீட்டருக்குக் கண்ணாடி சுமார் 70 கிராம், பைண்டர் 22 கிராம். 20 சதவீதத்தில் கண்ணாடி 73.6, பைண்டர் 18.4 ஆகும். அதே எடைக்கு 5 சதவீதம் கூடுதல் இழை கிடைக்கிறது. டென்சைல் கொஞ்சம் விழும். உங்களிடம் அதற்கு இடம் இருக்கிறது.

இரண்டாவது, லேட்டக்ஸ். பைண்டரின் காய்ந்த எடையில் 5 முதல் 10 சதவீதம் எஸ்.பி.ஆர். (ஸ்டைரீன் பியூட்டாடையீன் ரப்பர்) அல்லது ஸ்டைரீன் அக்ரிலிக். 7-ல் தொடங்கலாம். காய்ந்த பைண்டர் 100 கிலோவுக்குக் கணக்கு: யு.எஃப். 93 கிலோ, அதாவது 60 சதவீதத் திடத்தில் 155 கிலோ ரெசின். லேட்டக்ஸ் 7 கிலோ, 50 சதவீதத் திடத்தில் 14 கிலோ. பாத் (மேட் மீது ஊற்றும் பைண்டர் கரைசல்) 22 சதவீதத் திடத்தில் ஓட வேண்டுமானால் மொத்தம் 455 கிலோ, எனவே தண்ணீர் 286 கிலோ. ஈர மேட் தன்னோடு ஒயிட் வாட்டரைக் கொண்டுவந்து பாத்தை நீர்க்கச் செய்யும். ஆகவே தண்ணீரை முழுதாக ஊற்றிவிடாமல், ரிஃப்ராக்டோமீட்டரில் (திட அளவைக் காட்டும் கருவி) பார்த்துக்கொண்டே சரிசெய்யுங்கள்.

கலக்கும் வரிசையும் முக்கியம்: முதலில் தண்ணீர், பிறகு ரெசின், பி.எச். சரிபார்த்த பின் கடைசியாக லேட்டக்ஸ். மெதுவான கலக்கு போதும். வேகமாகக் கலக்கினால் லேட்டக்ஸ் திரிந்து, கர்டன் கோட்டரின் (பைண்டரைத் திரைபோல ஊற்றும் கருவி) உதட்டில் ரப்பர் துணுக்காக ஒட்டும்.

10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். டியர் ஆசையில் 20 வரை போனால் மேட் சூட்டில் இளகும். ஷிங்கிள் லைனில் பிற்றுமின் 200 டிகிரியை ஒட்டிப் பூசப்படுகிறது. அந்தச் சூட்டிலும் இழுவையிலும் மேட் நீளும், அறுந்தும் போகும். அறுந்தால் அங்கே லைனே நிற்கும். அந்தப் புகார் டியர் புகாரைவிட மோசமானது.

---

வெட்லேய்டு_மணி:

குமரன் சொன்னது சரி. ஆனால் இழை பிரியாமல் கிடந்தால் எந்த லேட்டக்ஸும் காப்பாற்றாது. மேட்டை விளக்குப் பலகை மீது விரித்து ஒரு சதுர மீட்டரில் உள்ள கட்டிகளை எண்ணுங்கள். எண்ணிக்கையோடு வடிவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வடிவம்தான் காரணத்தைக் காட்டும்.

நறுக்கிய கட்டு அப்படியே, இரு நுனியும் சமமாக, குச்சிபோலக் கிடந்தால் அது பிரியவே இல்லை. பையைத் திறந்து வைத்ததால் வெட் சாப் காய்ந்திருக்கலாம், டிஸ்பெர்சன்ட் போதாமல் இருக்கலாம், கலக்கு நேரம் குறைந்திருக்கலாம், அல்லது அந்த இழையின் சைசிங் (மேல்பூச்சு) உங்கள் ஒயிட் வாட்டரோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். திறந்த பையை அன்றே தீர்ப்பதும், பழைய சரக்கை முதலில் எடுப்பதும் கட்டாயம்.

நுனி ஒழுங்கில்லாமல் கயிறுபோல முறுக்கிக் கிடந்தால் அது பிரிந்த பிறகு மறுபடி சிக்கிக்கொண்டது. அதிகக் கலக்கல், குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வெல்டிங் பிசிறு, வளைவில் சுழல் ஆகியவை காரணம். இங்கே டிஸ்பெர்சன்ட்டைக் கூட்டுவது வீண் செலவு. நடுவில் ஒற்றை நீள இழை, இரு நுனியிலும் பந்து என்றால் சாப்பர் கத்தி மழுங்கி வெட்டுப்படாத நீள இழை வந்திருக்கிறது. சப்ளையரிடம் பேச வேண்டியது அது.

பம்பு அடிக்கும் அடியில் பாலிஅக்ரிலமைடு தன் மூலக்கூறுச் சங்கிலி அறுந்து பிசுபிசுப்பை இழக்கும். காலையில் நன்றாக ஓடிய லைன் மாலையில் கட்டி விடுவதற்கு இதுவே வழக்கமான காரணம். ஷிஃப்டுக்கு இரண்டு தடவையாவது விஸ்காசிட்டி பாருங்கள். பாலிமர் டோஸை ஷிஃப்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கொட்டாமல் சொட்டுசொட்டாகத் தொடர்ந்து விடுங்கள்.

இழை நீளம்: 25-லிருந்து 35 மி.மீ. போனால் டியர் நன்றாக ஏறும், உருவ வேண்டிய நீளம் கூடுகிறதே. ஆனால் இழைகள் ஒன்றோடொன்று மோதிச் சிக்கும் வாய்ப்பு நீளத்தின் வர்க்கத்தில் வளர்கிறது. 35-ஐ 25-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.96. அதாவது ஹெட் பாக்ஸில் (இழைக் கலவையை வயர் மீது விடும் பெட்டி) 0.06 சதவீத இழைச் செறிவில் ஓடுகிறவர் 0.03-க்கு வர வேண்டும். அதே மேட்டுக்கு இரண்டு மடங்கு தண்ணீர் வயர் வழியே வடிய வேண்டும். ஃபேன் பம்பும் வாக்குவம் பெட்டியும் தாங்குமா என்று முதலில் பாருங்கள். 30 மி.மீ. என்றால் 1.44 மடங்குதான். நான் முதலில் 30-ஐத்தான் எடுப்பேன்.

13 மைக்ரானுக்கு இறங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அதே எடைக்கு இழை எண்ணிக்கை 1.5 மடங்காகும், சந்திப்பு முனைகள் பெருகி டென்சைல் ஏறும். உங்களுக்குக் குறைவது டென்சைல் அல்ல. 16-லேயே இருங்கள்.

---

க்யூசி_தேன்மொழி:

வெந்நீர் எண்ணைப் பற்றி யாரும் பேசவில்லையே. பாதிதான் மிஞ்சுகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் க்யூரிங் (பைண்டர் சூட்டில் வெந்து இறுகுவது) மீதுதான்.

ஓவன் எத்தனை டிகிரி காட்டுகிறது என்பது மேட் எத்தனை டிகிரி அடைந்தது என்பதைச் சொல்லாது. தண்ணீர் இருக்கும்வரை மேட் 100 டிகிரியைத் தாண்டாது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 2260 கிலோஜூல் போய்விடும். மேட் ஓவனுக்குள் இருப்பது சில நொடிகள். அதில் பெரும்பங்கு உலர்வதற்கே போனால் பைண்டர் வேக மிச்சம் என்ன இருக்கும்? பர்னரை ஏற்றுமுன் கடைசி வாக்குவம் ஸ்லாட்டைச் சுத்தம் செய்து, ஓவனுக்குள் நுழையும் ஈரத்தைக் குறையுங்கள். காற்றை மட்டும் சூடாக்கினால் மேற்பரப்பு முந்திக் காயும், பைண்டர் நீரோடு மேலே நகர்ந்துவிடும், நடுவில் முனைகள் வறண்டு நிற்கும்.

அகலவாக்கில் 9 துண்டு வெட்டி ஒவ்வொன்றிலும் எடை, எல்.ஓ.ஐ., காய்ந்த டென்சைல், வெந்நீர் டென்சைல் எடுங்கள். வெந்நீர் விகிதம் எல்லா இடத்திலும் ஒரேபோலக் குறைவாக இருந்தால் கோளாறு ரெசினிலோ கேட்டலிஸ்டிலோ இருக்கும். சில இடங்களில் மட்டும் குறைந்தால் ஈரமோ ஓவன் காற்றோட்டமோ சீராக இல்லை. மேட் பழுப்பேறிய இடம் இருந்தால் அங்கே கருகுகிறது. அதிகம் வெந்த யு.எஃப்.பும் நொறுங்கித்தான் போகும், அங்கேயும் டியர் விழும்.

டியர் எண்ணுக்குச் சிதறல் அதிகம். திசைக்கு 10 துண்டாவது கிழிக்காமல் மாற்றம் வந்தது, வரவில்லை என்று பேசக் கூடாது.

லைனில் கை வைக்குமுன் லேபில் 30 × 30 செ.மீ. அச்சில் கைத்தாள் போடுங்கள். சதுர மீட்டருக்கு 73.6 கிராம் கண்ணாடி என்றால் ஒரு தாளுக்கு 6.62 கிராம், வெட் சாப்பில் 14 சதவீத ஈரம் இருந்தால் 7.7 கிராம் நிறுக்க வேண்டும். லேட்டக்ஸ் 0, 5, 7, 10 என நான்கு நிலை, ஒவ்வொன்றிலும் ஐந்து தாள். கைத்தாளில் திசை கிடையாது, எனவே லைன் மேட்டோடு நேருக்கு நேர் ஒப்பிடாமல் நான்கையும் தங்களுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

அந்த 1700 கிராம் ஷிங்கிளுக்கான எண், மேட்டுக்கானது அல்ல. வாங்குபவரின் பிற்றுமினில் எவ்வளவு சுண்ணாம்புக்கல் தூள், பூச்சு எவ்வளவு கனம் என்பதெல்லாம் அதை அசைக்கும். அவருடைய கலவையில் உங்கள் பழைய ரோலையும் புதிய ரோலையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

---

மேஸ்திரி_ராஜா:

நடுவில் ஒரு சந்தேகம். இந்த மாதிரி மேட்டை மொட்டைமாடி சிமெண்ட் பூச்சுக்குள் வைத்தால் விரிசல் தடுக்குமா?

வெட்லேய்டு_மணி:

வேண்டாம் அண்ணா. சிமெண்டுக்குள் பி.எச். 12-க்கு மேல். ஈ-கிளாஸை அந்தக் காரம் அரித்துவிடும், யு.எஃப்.பும் நிற்காது. பூச்சுக்குள் வைக்கக் காரம் தாங்கும் பூச்சுள்ள நெய்த மெஷ் வாங்குங்கள். இழையே தாங்க வேண்டுமானால் சிர்கோனியா சுமார் 16 சதவீதமோ மேலோ உள்ள ஏ.ஆர். கிளாஸ் (காரம் தாங்கும் கண்ணாடி) வேண்டும். மெஷ்ஷை வாங்குமுன் காரக் கரைசலில் ஊறவைத்த பிறகு எவ்வளவு பலம் மிஞ்சுகிறது என்ற டெஸ்ட் தாளைக் கேளுங்கள்.

---

லைன்2_செல்வம்:

நன்றி. விளக்குப் பலகையில் கட்டி குறைவு, இருப்பவை குச்சி வடிவம். கிழிந்த விளிம்பு வெட்டியதுபோலத்தான் இருக்கிறது. 9 துண்டிலும் வெந்நீர் விகிதம் ஒரேபோலக் குறைவு. பைண்டர் பாத் பி.எச். 5.6 காட்டுகிறது, டேங்கரில் வரும் ரெசின் 7.6.

---

ரெசின்_குமரன்:

5.6 என்றால் லேட்டக்ஸை இன்று ஊற்ற வேண்டாம்.

அமோனியம் சல்ஃபேட் ரெசினில் உள்ள தனி ஃபார்மால்டிஹைடோடு சேர்ந்து ஹெக்சமீனாகும்போது அமிலத்தை விடுகிறது. ஓவனில் நடக்க வேண்டிய வேலை அது. சுற்றிச்சுற்றி வரும் பாத்தில் கேட்டலிஸ்ட் அதிகமாகி, பாத் பழசாகவும் இருந்தால், அங்கேயே தொடங்கிவிடும். ரெசின் பாத்திலேயே பாதி இறுகினால் ஓவனில் ஓடிப்போய் முனைகளை நனைக்காது. மேலே ஒட்டிக்கொள்ளும், எல்.ஓ.ஐ. கணக்கில் வரும், வெந்நீரில் பலம் தராது. 9 துண்டிலும் ஒரேபோல விழுவது இதோடு பொருந்துகிறது.

இன்னொரு காரணம்: ஒயிட் வாட்டரோடு பாத்துக்கு வரும் அமீன் ஆக்சைடு அமிலம் ஏற ஏற நேர்மின்னேற்றம் பெறும். லேட்டக்ஸ் பெரும்பாலும் எதிர்மின்னேற்றம். இரண்டும் சந்தித்தால் பாத் திரியும்.

பழைய பாத்தை மீண்டும் லைனுக்கு விடாதீர்கள். சாக்கடையிலும் விட முடியாது, ஃபார்மால்டிஹைடு இருப்பதால் கழிவுநீர் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். சுற்றும் அளவைக் குறைத்து, கேட்டலிஸ்டை டேங்கில் கலக்காமல் கோட்டருக்குச் சற்றுமுன் குழாயிலேயே டோஸ் செய்யுங்கள். பாத் பி.எச். 7 முதல் 7.5-க்குள் நிற்கட்டும். அதே எல்.ஓ.ஐ. 24-ல், லேட்டக்ஸ் இல்லாமல், ஒரு ரோல் ஓட்டி வெந்நீர் விகிதத்தை மட்டும் பாருங்கள். அது ஏறிய பிறகு 20-க்கு இறங்கி லேட்டக்ஸ் 7.

க்யூசி_தேன்மொழி:

கேட்டலிஸ்ட் குறைந்ததும் க்யூர் மெதுவாகும், அதனால் அந்த ரோலில் லைன் வேகத்தைச் சற்றுக் குறைத்தே ஓட்டுங்கள். ஓவன் வாய்ப்பக்கம் புகை உறிஞ்சியும் சரியாக இழுக்கிறதா பாருங்கள். ஃபார்மால்டிஹைடை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி. 2004-லேயே மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என வகைப்படுத்திவிட்டது. பாத் மாற்றும் ஆட்களுக்கு வெறும் துணி மாஸ்க் போதாது.

ஃபார்மால்டிஹைடு இல்லாத பாலிஅக்ரிலிக் பைண்டருக்குப் போகும் யோசனை இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். அது பி.எச். 3-ஐ ஒட்டி ஓடும், சாதாரண இரும்புக் குழாயையும் டேங்கையும் தின்றுவிடும். ஸ்டெயின்லெஸ் போட வேண்டிய இடங்களைத் தனியாகப் பட்டியலிட வேண்டியிருக்கும்.

லைன்2_செல்வம்:

இந்த வருடம் யு.எஃப்.தான் மேடம். குச்சிக் கட்டிக்கு வெட் சாப் பைகளின் ஈரத்தையும் சேர்த்துப் பார்க்கிறேன். பி.எச். சரிசெய்து ஓட்டும் ரோலின் 9 துண்டு எண்களை இங்கேயே போடுகிறேன்.