டிரெயிலுக்கும் மாரத்தானுக்கும் ஒரே சைக்கிள் ஃபிரேம்: எது எடுக்கலாம்?

ஊர் கோவை. என் மலை சைக்கிளின் அலுமினிய ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன்) ஃபிரேமில், சீட் டியூபும் டாப் டியூபும் சேரும் வெல்டிங் ஓரம் விரிசல் விட்டுவிட்டது. மழைக்காலத்திலிருந்தே ஏற்றத்தில் மிதித்தால் கிரீச் சத்தம். பாட்டம் பிராக்கெட்டை (பெடல் அச்சு சுழலும் பகுதி) கழற்றி கிரீஸ் போட்டேன், பெடல் மாற்றினேன், சீட் போஸ்ட்டைத் துடைத்து மாட்டினேன். எதற்கும் அடங்கவில்லை. பெயின்ட்டைச் சுரண்டியதும் கோடு தெரிந்தது.

வாரன்டி முடிந்துவிட்டது. ஆர்கான் வெல்டிங் பட்டறையில் ஒட்டித் தருவதாகச் சொன்னார்கள். 6061 ரக அலுமினியம் வெல்டிங் சூட்டில் பலமிழக்கும். திரும்ப ஹீட் ட்ரீட்மென்ட் செய்ய அங்கே வசதியில்லை. கோத்தகிரி இறக்கத்தில் அதை நம்பி உட்கார எனக்குத் தைரியம் இல்லை.

மற்ற பாகங்கள் நன்றாக இருக்கின்றன: 29 இன்ச் வீல், 148 மி.மீ. அகல (பூஸ்ட்) பின் ஹப், 120 மி.மீ. அமுங்கும் டேப்பர்டு (அடியில் அகன்ற தண்டுள்ள) ஃபோர்க், 30.9 மி.மீ. சீட் போஸ்ட். உயரம் 174 செ.மீ., எடை 78 கிலோ. வார இறுதியில் தேயிலைத் தோட்டத்துப் பாதைகள், அவ்வப்போது 60-80 கி.மீ. சைக்கிள் மாரத்தான். நாலைந்து மணி நேரத்தில் இடுப்பு கழன்றுவிடுகிறது.

கார்பன் ஹார்ட்டெயில்கள் பல 100 மி.மீ. ஃபோர்க்குக்கு வடிவமைத்தவை, என் ஃபோர்க்கை மாட்டினால் ஹெட் ஆங்கிள் (முன் ஃபோர்க்கின் சாய்வுக் கோணம்) ஏறக்குறைய ஒரு டிகிரி சாயும். ஸ்டீல் சொகுசுதான், ஆனால் கனம். ஃபுல் சஸ்பென்ஷன் (பின்னாலும் ஷாக் உள்ளது) என்றால் பேரிங், ஷாக் சர்வீஸ் செலவு வேறு.

இந்தப் பாகங்களை வைத்துக்கொண்டு, ஸ்டீல் ஹார்ட்டெயில் ஃபிரேமா, 120 மி.மீ. ஃபுல் சஸ்பென்ஷன் ஃபிரேமா, இரண்டையும் நீண்ட தூரம் ஓட்டியவர்கள் எதை எடுப்பீர்கள்?