எம்ஜிபி காருக்கு எக்ஸாஸ்ட் மாற்ற யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, என்னிடம் இருப்பது 1967 எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த கூரை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), 1798 சிசி, எஸ்யூ கம்பெனியின் இரட்டை கார்புரேட்டர். பின் சைலன்சரின் அடிப்பக்கம் துருப்பிடித்து, விரலால் அழுத்தினாலே பொலபொலவென்று உதிர்கிறது, அதனால் மொத்த எக்ஸாஸ்ட்டையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். குழப்பமெல்லாம் மேனிஃபோல்டில்தான், அதாவது இன்ஜினிலிருந்து புகையை வாங்கி எக்ஸாஸ்ட் குழாய்க்கு அனுப்பும் பாகத்தில். இந்த இன்ஜினில் நாலு சிலிண்டருக்கு மூன்றே எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறும் வாய்), நடுவில் உள்ள இரண்டுக்கும் சேர்த்து ஒன்று. ஒரிஜினல் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டே மோசமில்லை என்பது என் எண்ணம், அதற்குப் பதிலாக ஹெடர் (தனித்தனி ஸ்டீல் குழாய்களால் ஆன மேனிஃபோல்ட்) போட்டால் மேலேயே இருக்கும் கார்புரேட்டருக்குச் சூடு ஏறுமே என்ற பயம் வேறு. போட்டு ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா, பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் எஸ்யூ ஊசியையும் மாற்ற வேண்டி வந்ததா? சத்தம் கம்பீரமாக இருந்தால் போதும், ஊரைக் கூட்ட வேண்டாம். அப்புறம், நடு சைலன்சரை எடுத்துவிட்டால் நெடுந்தூரம் ஓட்டும்போது காது தாங்குமா?